ஓட்டு நம் கைக்கு வந்த கதை: ஜனநாயகம் பற்றி ஓர் எளிய விளக்கம்

தேர்தல் நெருங்கினால் சென்னையில் டீக்கடையிலும் மின்சார ரயிலிலும் மூன்று பேச்சுகள் கட்டாயம் காதில் விழும். "வெள்ளைக்காரன் போகும்போது ஜனநாயகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான், நாம்தான் கெடுத்துவிட்டோம்" என்பார் ஒருவர். "அதெல்லாம் சோழர் காலத்திலேயே நம்மிடம் இருந்தது" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் சலித்துப்போய், "நம்ம ஊருக்கு மிலிட்டரி ஆட்சிதான் சரி" என்று முடிப்பார்.

மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தெரியும். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. ஜனநாயகம் ஏதோ செய்து முடித்த பொருள், யாரோ கொடுப்பார்கள், முன்பே இருந்திருக்கும், அல்லது நமக்குப் பொருந்தாது என்ற எண்ணம். உண்மையில் அது பல பாகங்கள் சேர்ந்த ஓர் ஏற்பாடு. அந்தப் பாகங்கள் ஒரே நாளில் வரவில்லை. சில பாகங்கள் நம் சென்னையிலேயே சண்டை போட்டு வாங்கப்பட்டவை. அதைத்தான் இங்கே முதலிலிருந்து பார்க்கப் போகிறோம்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு

மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வருடம் பில்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். வாட்ச்மேனை அவர் வைக்கிறார், தண்ணீர் லாரியை அவர் கூப்பிடுகிறார், மாதப் பணத்தை அவரே வசூலித்து அவரே கணக்கு வைக்கிறார். ஒருநாள் அவர் விலகிக்கொள்கிறார். குடியிருப்பவர்கள் சங்கம் வைத்துக்கொள்ள வேண்டிய நேரம்.

உடனே கேள்விகள் கிளம்பும். வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு உண்டா? வீடு கணவர் பெயரில் இருந்தால் மனைவிக்கு? இரண்டு வீடு வைத்திருப்பவருக்கு இரண்டு ஓட்டா? இதெல்லாம் முதல் கேள்வி: யாருக்கு ஓட்டு?

தேர்தல் நடந்து ஒரு செயலாளர் வருகிறார். ஆனால் வங்கிக் கணக்கு இன்னும் பில்டர் பெயரிலேயே இருந்தால் அந்தச் செயலாளரால் என்ன செய்ய முடியும்? இது இரண்டாவது கேள்வி: ஓட்டு வாங்கியவரிடம் உண்மையில் அதிகாரம் இருக்கிறதா?

அடுத்த வருடம் அவர் தோற்றுப்போகிறார். கணக்குப் புத்தகத்தையும் மோட்டார் அறைச் சாவியையும் புதியவரிடம் கொடுப்பாரா, மாட்டாரா? இது மூன்றாவது. கடைசியாக ஒன்று உண்டு. இருபது வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடி, தரைத்தளத்து நான்கு வீட்டுக்கும் தண்ணீர் கிடையாது என்று தீர்மானம் போட்டால்? பெரும்பான்மை அவர்கள் பக்கம்தான். அப்போது "இது கூடாது" என்று சொல்ல ஆள் யார்?

உவமை இதற்கு மேல் பொருந்தாது. பில்டர் நமக்காகக் கட்டினார், விற்றார், போனார். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கோட்டை கட்டியது தன் வியாபாரத்துக்காக. அதன் வாரிசாக வந்த அரசும் தானாக விலகிப் போகவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், ஜனநாயகம் என்பது நான்கு கேள்விகளுக்குமே நியாயமான பதில் இருக்கும் ஆட்சிமுறை. எல்லோருக்கும் ஓட்டு வேண்டும், ஓட்டுக்கு அதிகாரம் வேண்டும், தோற்றவர் இறங்க வேண்டும், ஜெயித்தவருக்கும் எல்லை வேண்டும். இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குப் போகலாம்.

உத்திரமேரூர் சொல்வது

சென்னையிலிருந்து அதிக தூரமில்லை உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், சுமார் 920-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விவரிக்கின்றன. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிட முடியாது. ஆயிரம் வருடத்துக்கு முன்பு இப்படி ஒரு விதி இருந்தது என்பது நிச்சயம் பெருமைக்குரியது.

ஆனால் யாருடைய பெயர் குடத்துக்குள் போனது? கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. அந்த நிலத்தில் ஏர் உழுதவருக்கும் நாற்று நட்ட பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. கணக்குக் கேட்கும் ஒழுங்கு அங்கே இருந்தது. எல்லோருக்கும் ஓட்டு இல்லை. ஆக, நான்கு கேள்விகளில் முதலாவதிலேயே அது நின்றுவிடுகிறது.

வெள்ளைக்காரர்கள் கொடுத்தது எவ்வளவு?

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. இந்தியாவிலேயே பழமையானது. ஆனால் அதன் முதல் மேயரையும் ஆல்டர்மேன்கள் எனப்பட்ட மூத்த உறுப்பினர்களையும் கம்பெனிதான் நியமித்தது. அமைப்பு வந்துவிட்டது, ஓட்டு வரவில்லை.

ஓட்டு என்று சொல்லத்தக்க அளவில் மாகாணத் தேர்தல் வந்தது 1920-இல். பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி நடந்த அந்தத் தேர்தலில் காங்கிரஸ் போட்டியிடவில்லை. நீதிக்கட்சி வென்றது, சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டுபவர்களுக்குமே ஓட்டு என்பதால் மாகாண மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான் வாக்காளர்கள். வந்த அமைச்சர்களுக்கும் பாதி வீடுதான். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி அவர்களிடம். போலீஸ், நிதி, நிலவரி ஆளுநரின் ஆட்களிடம். இப்படி அதிகாரத்தைப் பங்கு பிரித்து முக்கியமானதைத் தன்னிடம் வைத்துக்கொண்ட ஏற்பாட்டுக்கு இரட்டை ஆட்சி என்று பெயர்.

அந்தக் குறுகிய இடத்துக்குள்ளும் நம்மவர்கள் கதவைத் தள்ளினார்கள். பெண்களுக்கு ஓட்டு தரலாமா என்பதை லண்டன் முடிவு செய்யாமல் மாகாணங்களிடம் விட்டிருந்தது. 1921-இல் சென்னை மாகாண சட்டமன்றம்தான் பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் "தரலாம்" என்றது. அதற்கும் சொத்துத் தகுதி உண்டு என்பதால் பலன் சிலருக்கே. இருந்தாலும் சில வருடங்களில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்த அவைக்குள் நுழைந்து துணைத் தலைவராகவும் ஆனார்.

1935-இல் வந்த அடுத்த இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு வாக்காளர் எண்ணிக்கை கூடியது. அப்போதும் நாடு முழுக்கப் பத்துப் பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்களுக்குத்தான் ஓட்டு. 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 215 இடங்களில் காங்கிரஸ் 159 பிடித்தது. ராஜாஜி ஆட்சி அமைத்தார். இரண்டே வருடம்தான். 1939-இல் இந்தியாவில் யாரையும் கேட்காமல் நாட்டை உலகப் போரில் இழுத்துவிட்டது பிரிட்டிஷ் அரசு. அமைச்சரவை ராஜினாமா செய்தது, ஆளுநர் ஆட்சி 1946 வரை நீடித்தது. 159 இடங்களை ஜெயித்த கட்சியாலும் நாடு போருக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இரண்டாவது கேள்விக்கான பதில் இதுதான்: ஓட்டு இருந்தது, அதிகாரம் அதன் பின்னால் வரவில்லை.

சரி, அப்படியானால் அவர்கள் எதையுமே விட்டுச் செல்லவில்லையா? சட்டமன்ற நடைமுறை, நீதிமன்றங்கள், அதிகாரிகள் படிநிலை எல்லாம் அவர்கள் காலத்தவைதான். 1935 சட்டத்தின் பல பிரிவுகள் நம் அரசியலமைப்புக்குள்ளும் வந்திருக்கின்றன. கட்டடம் அவர்களுடையது என்பதை ஒத்துக்கொள்ளலாம். எல்லோரையும் உள்ளே விடுவது என்ற முடிவு அவர்களுடையது அல்ல.

எல்லோருக்கும் ஓட்டு என்ற துணிச்சல்

இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான்.

அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9-இல் கூடியது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலானவர்களை மாகாண சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. அந்தச் சட்டமன்றங்களோ சொத்து உள்ளவர்கள் ஓட்டில் வந்தவை. அப்படி வந்தவர்கள், 21 வயதான ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்று முடிவெடுத்தார்கள். இதுதான் வயதுவந்தோர் வாக்குரிமை: படிப்பு, சொத்து, சாதி, ஆண் பெண் என்று எதையும் பார்க்காமல் வயதை மட்டும் பார்த்துத் தரும் ஓட்டு. அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. வயது 18 ஆனது பின்னால், 1989-இல்.

அந்த நேரத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. "முதலில் படிக்கட்டும், அப்புறம் ஓட்டுப் போடட்டும்" என்ற வாதம் உலகம் முழுக்க அப்போது மரியாதையான வாதம். சபையில் சென்னை வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அதற்கு மறுபக்கம் நின்றார். சாதாரண மனிதன் மீது முழு நம்பிக்கை வைத்தே இந்த முடிவை எடுத்திருக்கிறோம் என்ற பொருளில் பேசினார். அதே சபையில் சென்னை மாகாணத்திலிருந்து அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகிய பெண்களும் இருந்தார்கள். தாட்சாயணி அந்தச் சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினர்.

முடிவெடுப்பது ஒன்று, பட்டியல் எழுதுவது வேறு. வாக்காளர் பட்டியல் வேலை அரசியலமைப்பு நிறைவேறும் முன்பே, 1948-இலேயே ஆரம்பித்துவிட்டது. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது என்று குழப்பம். வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்தார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஓட்டு அந்தப் பெண்ணுக்குத்தான், எனவே அவர் பெயர்தான் வேண்டும் என்றார். சொல்லாத சுமார் 28 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவு, அந்தப் பெண்களுக்கு அந்தத் தேர்தல் போய்விட்டது. ஆனாலும் நம் அடையாள அட்டையில் பெண்ணின் பெயர் முதலில் நிற்பதற்குப் பின்னால் இப்படி ஒரு பிடிவாதம் இருந்திருக்கிறது.

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை தேர்தல் நடந்தது. சுமார் 17 கோடி வாக்காளர்கள். எழுத்துத் தெரியாதவருக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி இரும்புப் பெட்டி, அதன் மேல் சின்னம். ஓட்டுச் சீட்டை, தனக்குப் பிடித்த சின்னத்தின் பெட்டியில் போட்டால் போதும்.

சென்னை மாகாணத்து முடிவு ஆளுங்கட்சிக்குக் கசப்பானது. 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். என் பார்வையில் இது நல்ல தொடக்கம் அல்ல. மக்கள் போட்ட கணக்கை ஆளுநர் மாளிகை திருத்தி எழுதியதுபோல் ஆகிவிட்டது. 1954-இல் முதல்வரான காமராஜர், குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் ஓட்டு வாங்கிக்கொண்டே தொடர்ந்தார்.

இதுவரை பார்த்தது: ஓட்டு 1920-இல் கொஞ்சம் பேருக்கு வந்தது, 1937-இல் இன்னும் கொஞ்சம் பேருக்கு வந்தது, எல்லோருக்கும் வந்தது நம்மவர்கள் எழுதிய அரசியலமைப்பால். 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரம் வந்தது. எல்லோருடைய ஓட்டும் அதற்கு நாலு வருடம் கழித்துத்தான் பெட்டியில் விழுந்தது.

ஜெயித்தவரைத் தடுப்பது யார்?

தரைத்தளத்துக்குத் தண்ணீர் இல்லை என்ற தீர்மானத்துக்கு வருவோம். பெரும்பான்மை எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றால், ஓட்டே ஒரு கொடுமையாகிவிடும். அதற்காகத்தான் அடிப்படை உரிமைகள், அதாவது எந்த அரசும் எளிதில் பறிக்க முடியாதபடி அரசியலமைப்பில் எழுதிவைத்த உரிமைகள் இருக்கின்றன. அரசின் சட்டமோ ஆணையோ அவற்றை மீறினால் நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம்.

இது ஏட்டில் நின்றுவிடாமல் நடைமுறைக்கு வந்த முதல் வழக்குகளில் பல, சென்னை அரசின் மேல் போட்டவை. அரசியலமைப்பு அமலுக்கு வந்து நாலே மாதத்தில், 1950 மே மாதம், ரொமேஷ் தாப்பர் வழக்கில் தீர்ப்பு வந்தது. பம்பாயிலிருந்து வந்த இடதுசாரி வார இதழ் ஒன்றை மாகாணத்துக்குள் நுழைய விடாமல் சென்னை அரசு தடுத்திருந்தது. பேச்சுரிமையை இப்படிப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அதே மாதம் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கு. விசாரணை இல்லாமல் சிறையில் வைப்பதை எதிர்த்து வந்தார். பெரும்பாலும் தோற்றார். நீதிமன்றம் எப்போதும் குடிமகன் பக்கம் சாயும் என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னும் பெரியது செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரிகளில் சாதி, மத வாரியாக இடம் பிரித்துத் தந்த வகுப்புவாரி அரசாணை நீதிக்கட்சிக் காலத்திலிருந்து இங்கே இருந்தது. அது சமத்துவத்துக்கு எதிரானது என்று 1951-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் பெரியாரும் மற்றவர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். சில மாதத்துக்குள் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு அப்படிப் பிறந்ததுதான். அதே திருத்தம் இன்னொரு பக்கம் பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடுகளையும் கொண்டுவந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். அரசு ஆணை போடுகிறது, குடிமகள் வழக்குப் போடுகிறார், நீதிமன்றம் ரத்து செய்கிறது, தெரு பொங்குகிறது, நாடாளுமன்றம் விதியையே மாற்றுகிறது. யாருக்கும் முழு வெற்றியும் இல்லை, யாரும் கடைசி வார்த்தை சொல்லிவிடவும் இல்லை. ஜனநாயகத்தின் உள் இயக்கம் என்று நான் சொல்வது இந்த இழுபறியைத்தான். மெதுவாக இருக்கும், எரிச்சல் தரும். மிலிட்டரி ஆட்சி வேகமானது என்று சொல்பவர்கள் பார்ப்பது இந்த மெதுவை மட்டும்தான்.

1967: சாவி கைமாறிய நாள்

மூன்றாவது கேள்வி, தோற்றவர் இறங்குவாரா என்பது.

நம் அக்கம்பக்கத்தைப் பார்த்தால் அதன் அருமை புரியும். பாகிஸ்தான் நம்மோடு சேர்ந்தே பிறந்தது. அங்கே வயதுவந்தோர் வாக்குரிமையில் முதல் தேசியப் பொதுத்தேர்தல் 1970-இல்தான் நடந்தது. வென்ற அவாமி லீக்கிடம் ஆட்சியைக் கொடுக்க மறுத்தார்கள். 1971-இல் போர், வங்கதேசம் தனி நாடு.

இலங்கையின் கதை வேறு மாதிரி. எல்லோருக்கும் ஓட்டு அங்கே நமக்கு முன்பே, 1931-இலேயே வந்துவிட்டது. ஆட்சிகளும் தேர்தல் வழியாகவே மாறின. ஆனால் சுதந்திரம் கிடைத்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கினார்கள், அடுத்து ஓட்டும் போனது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களில் பலர் இங்கே அனுப்பப்பட்டார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தேர்தல் ஒழுங்காக நடந்தும், நாலாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் வாழ்க்கையே சாட்சி.

இங்கே என்ன நடந்தது? திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த தி.மு.க. 1957-இல் தேர்தலில் இறங்கி 15 இடம் பிடித்தது, 1962-இல் 50. 1963-இல் பிரிவினை கேட்பவர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியலமைப்பு திருத்தப்பட்டபோது, அந்தக் கோரிக்கையைக் கைவிட்டுச் சட்டமன்றப் பாதையில் தொடர்ந்தது. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு, மரணங்கள். அந்தக் கோபம் 1967-இல் ஓட்டாக மாறியது. இருபது வருடம் ஆண்ட காங்கிரஸ் தோற்றது. முதல்வர் பக்தவத்சலம் தோற்றார். அகில இந்தியக் கட்சித் தலைவராக இருந்த காமராஜர், சொந்த ஊரான விருதுநகரில் சீனிவாசன் என்ற இளைஞரிடம் தோற்றார். மார்ச் 6 அன்று அண்ணா முதல்வராகப் பதவியேற்றார்.

கோட்டையைப் பிடித்துவைக்க யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. தோற்றவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள், வென்றவர்கள் உள்ளே போனார்கள். இதைச் சாதாரணம் என்று நினைக்கும் அளவுக்கு நமக்குப் பழகிவிட்டது. காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட எத்தனையோ நாடுகளில் அந்த முதல் கைமாற்றத்திலேயே எல்லாம் உடைந்துபோனது.

நின்றுபோன காலங்கள்

பாகங்கள் சேர்ந்த ஏற்பாடு என்றால், ஒரு பாகம் மட்டும் நிற்கவும் கூடும். 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை. பத்திரிகைத் தணிக்கை, விசாரணையில்லாச் சிறை. தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31-இல் கலைக்கப்பட்டது. மாநில ஆட்சியை நீக்கி, மத்திய அரசு ஆளுநர் வழியாக ஆள்வதைக் குடியரசுத் தலைவர் ஆட்சி என்கிறோம். 356-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியும் 1991-இல் மீண்டும் தி.மு.க. ஆட்சியும் இதே பிரிவில் போயின. 1994-இல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்திலேயே சோதிக்க வேண்டும், கலைப்பு சரியா என்பதை நீதிமன்றம் பார்க்கலாம் என்று சொன்ன பிறகு இப்படிக் கலைப்பது வெகுவாகக் குறைந்தது.

உங்கள் தெருவுக்கு எவ்வளவு வந்திருக்கிறது?

டெல்லியிலும் கோட்டையிலும் தேர்தல் ஒழுங்காக நடந்த அதே காலத்தில், நாட்டின் மூத்த மாநகராட்சியில் என்ன நடந்தது என்று பலருக்குத் தெரியாது. 1973-இல் சென்னை மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான். 23 வருடம் இந்த நகரத்தின் சாக்கடைக்கும் குப்பைக்கும் பள்ளிக்கும் பொறுப்பாக ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அதிகாரிகள் நடத்தினார்கள். அப்போது பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதைத் தாண்டியும் தன் வார்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்ததில்லை.

நிலைமையை மாற்றியது 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது திருத்தங்கள். உள்ளாட்சிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடஒதுக்கீடு. கிராமங்களில் இது எவ்வளவு ஆழமாகக் கை வைத்தது என்பதை மதுரைப் பக்கம் நடந்தவை சொல்லும். மேலவளவில் 1997-இல் தலித் ஊராட்சித் தலைவர் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற ஊர்களில் தலித் ஒருவர் தலைவராக உட்காருவதைத் தடுக்க, 2006 வரை பத்து வருடம் தேர்தலையே முடக்கினார்கள். யாருக்கு ஓட்டு என்ற முதல் கேள்வி 1950-இல் சட்டத்தில் முடிந்தது. ஊருக்குள் அது அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

சென்னையிலும் திருத்தம் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2016-இல் மாமன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் வழக்குகளிலும் தாமதங்களிலும் மாட்டிக்கொள்ள, ஐந்து வருடத்துக்கு மேல் மறுபடி அதிகாரி ஆட்சி. அதற்குள் வெள்ளம் வடியாத தெருக்கள் உண்டு, கொரோனா ஊரடங்கு உண்டு. 2022 பிப்ரவரி 19-இல்தான் 200 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. அந்த மன்றம் மார்ச்சில் பதவியேற்றது, ஐந்து ஆண்டுகள் என்றால் 2027 மார்ச் வாக்கில் அதன் காலம் முடியும். அரசியலமைப்பின் 243யு பிரிவின்படி, அதற்கு முன்பே அடுத்த மாமன்றத்துக்கான தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும்.